கிச்சன் கொட்டேஷன் வந்திருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்குறாங்க, கொஞ்சம் பாத்து சொல்லுங்க

நங்கநல்லூர்_ரெண்டாவது_மாடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஃப்ளாட் 1998ல கட்டினது, கிச்சன் அப்பலேந்து அப்படியே இருக்கு, கடப்பா கல் தட்டு, மேல சிமென்ட் பரண், சிங்க் கிட்ட சுவர் ஊறி பெயின்ட் உரிஞ்சு போச்சு. அம்மாக்கு 67 வயசு, குனிஞ்சு குனிஞ்சு அடித்தட்டுலேந்து பாத்திரம் எடுக்க முடியல, அதான் மாடுலர் கிச்சன் போட்டுடலாம்னு மூணு பேர கூப்பிட்டேன். ஒருத்தர் வாட்ஸ்ஆப்ல ஒரே வரி, "ஃபுல் கிச்சன் கம்ப்ளீட் 2,40,000". இன்னொருத்தர் 4.9 லட்சம், அது நமக்கு ஆகாது. நடுவுல இருக்கறவர் தான் பேப்பர்ல எழுதி குடுத்தாரு, அதை அப்படியே போடறேன்.

கிச்சன் எல் ஷேப், ஒரு சுவர் 10 அடி, இன்னொரு சுவர் 7 அடி. பேஸ் யூனிட் (மேடைக்கு கீழ வர்ற பாக்ஸ்) 17 x 2.75 = 46.75 சதுரடி, 1,800 ரேட், 84,150. வால் யூனிட் (சுவத்துல மேல மாட்டறது) 28 சதுரடி, 1,600 ரேட், 44,800. பரண் கதவு 17 x 2 = 34 சதுரடி, 750 ரேட், 25,500. டிராயர், பாஸ்கெட், ஹார்டுவேர் லம்சம் 65,000. கிரானைட் 40 சதுரடி 450 வீதம் 18,000. டைல்ஸ், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் லம்சம் 55,000. பழசு உடைக்க 20,000. ஆக மொத்தம் 3,12,450. கீழ சின்னதா "ஜிஎஸ்டி தனி" அப்புறம் "பிடபிள்யூஆர் பிளை அல்லது ஈக்விவலன்ட்", அதாவது அந்த ரக ஒட்டுப்பலகை, இல்லன்னா அதுக்கு சமமானது. பணம் 60% அட்வான்ஸ், 30% மெட்டீரியல் இறங்கினதும், 10% வேலை முடிஞ்சதும். 45 நாள்ல முடிச்சுடுவேங்கிறார்.

ஆள் நல்லா பேசறார், ஞாயித்துக்கிழமைக்குள்ள கையெழுத்து போட்டா இந்த ரேட், அப்புறம் ஏறிடும்னு சொல்றார். எனக்கு இதுல எது நியாயம் எது இல்லன்னு தெரியல. அப்பா இருந்தா அவர் பாத்துப்பார். யாராவது உதவுங்க.

சைட்ல_நிக்கிறவன்:

தம்பி, நான் இன்டீரியர் சைட்ல சூப்பர்வைசரா 14 வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். முதல்ல ஞாயித்துக்கிழமைங்கிறத மறந்துடுங்க. பிளை ரேட் ஒரு வாரத்துல அப்படி ஏறிடாது, அது உங்கள அடுத்த ஆள்கிட்ட போகவிடாம இருக்க சொல்றது.

இப்ப அளவு. உங்க வீட்டுல ஒரு சுவர் 10, ஒரு சுவர் 7, ரெண்டும் மூலையில சேருது. மேடை ஆழம் 2 அடி. அந்த மூலையில இருக்கற 2 அடி 10லயும் வருது 7லயும் வருது, ஒரே இடத்துக்கு ரெண்டு தடவ காசு. பாக்ஸ் கணக்குல உண்மையான நீளம் 15 தான், 17 இல்ல. அதுலயே 2 x 2.75 x 1,800, 9,900 ரூபா. பரணுக்கு இன்னும் மோசம், அங்க பாக்ஸே கிடையாது, சிமென்ட் பரணுக்கு முன்னாடி கதவு மட்டும்தான், கதவு வர்றது 8ம் 5ம் சேத்து 13 அடி (உங்க பரணும் 2 அடி ஆழம்னு வெச்சு சொல்றேன்). 34 சதுரடி இல்ல, 26. அங்க ஒரு 6,000. ஆக மூலையிலயே 15,900 போகுது, அதுக்கு மேல வரி வேற. டேப் எடுத்துட்டு நீங்களே அளந்து பாருங்க. இது ஏமாத்துன்னு நான் சொல்லல, நிறைய பேர் சுவர அளந்து அப்படியே பெருக்கிடுவாங்க, கேட்டா குறைச்சுடுவாங்க, கேக்கலன்னா விட்டுடுவாங்க. கிரானைட்ல 40 போட்டிருக்கறது பரவால்ல, உங்க மேடைக்கு 30, 31 தான் வரும் ஆனா ஸ்லாப்ல வேஸ்டேஜ் உண்டு, சிங்க் வெட்டு, ஓரம் மோல்டிங் எல்லாம் இருக்கு, அதுல சண்டை போடாதீங்க. அந்த 450ல ஓரம் பாலிஷும் சிங்க் கட்டிங்கும் சேத்தியான்னு மட்டும் எழுதி வாங்கிக்கோங்க.

அடுத்தது அந்த "ஈக்விவலன்ட்". அந்த ஒரு வார்த்தைய அடிச்சிட்டு தான் கையெழுத்து போடணும், ஏன்னா அதுக்குள்ள எந்த பிளைய வேணா போடலாம். கடையில கமர்ஷியல்னு சொல்றது எம்ஆர் கிரேடு, தண்ணி பட்டா ஊதிடும், கிச்சனுக்கு ஆகவே ஆகாது. பிடபிள்யூஆர்ங்கிறது ஐஎஸ் 303ல (ஐஎஸ்னா இந்திய தர எண்) வர்றது, ஈரத்த தாங்கும். பிடபிள்யூபிங்கிறது ஐஎஸ் 710, மரைன்னு சொல்வாங்க, 72 மணி நேரம் கொதிக்கற தண்ணில போட்டு டெஸ்ட் பண்றது. கீழ் பாக்ஸ் பூரா, முக்கியமா சிங்க் கீழ, 710 கேளுங்க, மேல வால் யூனிட்டுக்கு 303 பிடபிள்யூஆர் போதும். 710ன்னு பிராண்ட் பேரோட, 18 மிமீன்னு, பின்பலகை எத்தனை மிமீன்னு, வெளிய மைக்கா 1 மிமீ, உள்பக்கம் ஒட்டற லைனர் ஷீட் என்னன்னு எல்லாம் பேப்பர்ல வரணும். ஷீட் இறங்கற அன்னிக்கு நீங்க வீட்டுல இருங்க, ஒவ்வொரு ஷீட்லயும் ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல்னு ஆரம்பிக்கற லைசென்ஸ் நம்பரும் அடிச்சிருக்கும், அரசு தர அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பர போட்டா எந்த கம்பெனி, லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு காட்டும். வெட்டி ஒட்டினதுக்கப்புறம் மைக்கா மூடிடும், அப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஃபேக்டரில செஞ்சு கொண்டு வர்றவங்களா இருந்தா வெட்டற அன்னிக்கு ஒரு நடை போய் பாத்துட்டு வாங்க.

லம்சம் 65,000த்த பிரிச்சு கேளுங்க. எத்தனை டிராயர், சாதா சேனலா டேன்டம் பாக்ஸா (பக்கம் உலோகத்துல வர்ற ரெடிமேட் டிராயர்), கீல் சாஃப்ட் குளோஸா, கம்பெனி ஹெட்டிச்சா எப்கோவா வேற எதுவா, கம்பி பாஸ்கெட் 304 ஸ்டீலா 202ஆ. ரெண்டும் புதுசுல ஒரே மாதிரி மின்னும், 202 நம்ம ஊரு காத்துல கொஞ்ச வருஷத்துல புள்ளி புள்ளியா துரு பிடிக்கும், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இன்னும் சீக்கிரம்.

60% அட்வான்ஸ் ரொம்ப அதிகம். 1,87,470 ரூபா குடுத்துட்டு நீங்க அவர் பின்னாடி ஓடணும். 20ல ஆரம்பிச்சு பேசுங்க, 30 வரைக்கும் போகலாம், பிளை இறங்கி நீங்க செக் பண்ணதும் அடுத்தது, பாக்ஸ் மாட்டினதும் அடுத்தது, கடைசி 10% எல்லா டிராயரையும் இழுத்து, சிங்க்ல தண்ணி ரொப்பி விட்டு பாத்ததுக்கப்புறம்.

வேளச்சேரி_கிரவுண்ட்_ஃப்ளோர்:

நீங்க ரெண்டாவது மாடி, அதனால வெள்ள பயம் இல்ல, ஆனாலும் ஒண்ணு சொல்றேன். 2015 டிசம்பர்ல எங்க கிச்சன் பிளை பாக்ஸ் எல்லாம் ரெண்டு நாள் தண்ணில நின்னு உப்பி கதவு மூடவே முடியாம போச்சு. அப்புறம் நாங்க பண்ணது என்னன்னா கீழ பாக்ஸே போடல. கடப்பா கல்லால தடுப்பு கட்டி, அதுல அலுமினியம் ஃபிரேம் அடிச்சு கதவு மட்டும் மாட்டினோம். 2023ல மிக்ஜாம் வந்தப்ப மறுபடி தண்ணி, வடிஞ்சதும் சோப்பு போட்டு கழுவி விட்டோம், அவ்ளோதான்.

உங்க வீட்டுல கடப்பா ஏற்கனவே இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அது நேரா உறுதியா இருந்தா எல்லாத்தையும் உடைக்க 20,000 குடுத்து, அதே இடத்துல பிளை பாக்ஸ் வெக்கணுமான்னு யோசிங்க. அம்மாக்கு குனியறது கஷ்டம்னா எங்க தினமும் கை போகுதோ அங்க மட்டும் டிராயர், மிச்ச இடத்துல பழைய தட்டு, முன்னாடி கதவு. கடப்பா தடுப்புக்குள்ள டிராயர் உக்காரும், சைடுல பிளை பட்டி அடிச்சு சேனல் மாட்டணும், ஆனா அகலம் ஒவ்வொரு தடுப்பும் வேற வேறயா இருக்கும், ஆசாரி இடத்துல வந்து அளந்து செய்யறவரா இருக்கணும். கரையான் தொல்லையும் குறைவு.

உடைக்கற 20,000ல ரப்பிஷ் எடுத்துட்டு போறதும் சேத்தியான்னு கேளுங்க. எங்க பக்கத்து வீட்டுல மூட்டைய கேட் வெளிய வெச்சிட்டு போயிட்டாங்க, அசோசியேஷன்ல பெரிய பிரச்னை ஆச்சு.

கல்சட்டி:

தம்பி, எல்லாரும் பிளை பத்தி சொல்லிட்டாங்க, நான் சமைக்கறவளா சொல்றேன். முதல்ல உங்க அம்மாவ மேடை முன்னாடி நிக்க வெச்சு அளவு எடுங்க. கை முட்டிக்கு ஒரு நாலு இன்ச் கீழ மேடை இருக்கணும். 2.75 அடின்னா பாக்ஸே 33 இன்ச், மேல கிரானைட் வேற, குள்ளமா இருக்கறவங்களுக்கு தோள தூக்கி தூக்கி தான் கிளறணும், சாயங்காலத்துக்குள்ள தோள்பட்டை வலி பிராணன் போயிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, நான் 4 அடி 11, மேடை 34, இப்ப குக்கர்க்குள்ள எட்டி பாக்க ஒரு பலகை போட்டு நிக்கறேன். கட்டினப்புறம் இதை மாத்தவே முடியாது.

கிரைண்டர் எங்க உக்காரும்? அதை யாருமே கேக்க மாட்டாங்க. டேபிள் டாப் கிரைண்டர் ஆனாலும் கல்லோட சேத்து நல்ல கனம், மாவு அரைக்கற அன்னிக்கு கீழேந்து தூக்கி வெக்க இந்த வயசுல முடியாது, அதுக்கு மேடையிலயே நிரந்தரமா ஒரு இடமும் பக்கத்துலயே பிளக்கும் வேணும். ஓவன், இன்டக்ஷன் வெச்சா அதுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் தனியா. லம்சம் 55,000ல எத்தனை பாயின்ட், எங்க எங்கன்னு டிராயிங்ல குறிச்சு வாங்குங்க, இல்லன்னா சுவர் பூசி டைல்ஸ் ஒட்டினதுக்கப்புறம் பாயின்ட்டுக்கு இவ்ளோன்னு தனியா கேப்பாங்க. சிம்னி குழாய்க்கு சுவத்துல ஓட்டை போடறது, அந்த கோர் கட்டிங்கும் அதுல வருதான்னு கேளுங்க.

இதை எல்லாத்துக்கும் மேல சொல்றேன். சிலிண்டர் மேடைக்கு கீழ பாக்ஸ்க்குள்ள போகுதுன்னா அந்த கதவுல அடிப்பக்கம் காத்து போற ஜாலி கண்டிப்பா வேணும். எல்பிஜி காத்த விட கனமானது, கசிஞ்சா கீழ தான் தேங்கும், அழகா இருக்கணும்னு கதவ இறுக்கமா மூடிட்டா வாசனையே வெளிய தெரியாது. டியூப் போற வழியும் கூரா மடங்காம, பின்னாடி கை விட்டு பாக்கற மாதிரி இருக்கணும், அந்த ஆரஞ்சு டியூப்ப அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும்ல.

நங்கநல்லூர்_ரெண்டாவது_மாடி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி டேப் வெச்சு அளந்தேன், 15 தான், பரண் முன்பக்கம் 13 தான். அம்மா 4 அடி 10. இன்னொரு சந்தேகம், அவர்கிட்ட போன்ல கேட்டப்ப "பில் வேணாம்னா சொல்லுங்க, 18% உங்களுக்கு மிச்சம்"ங்கிறார். 56,000 ரூபா சின்ன காசு இல்ல. என்ன பண்றது?

கணக்குப்பிள்ளை:

வேணாங்க. பில் இல்லன்னா நாளைக்கு பாக்ஸ் ஊதினாலும் அவர்கிட்ட நீங்க வேலை குடுத்ததுக்கே கையில ஆதாரம் ஒண்ணும் இருக்காது. பில், கையெழுத்து போட்ட கொட்டேஷன், பேங்க் வழியா போன பணம், இந்த மூணும் இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போட முடியும், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணமே கிடையாது, அதுக்கு முன்னாடி 1915க்கு போன் பண்ணி புகார் பதியலாம். பணத்த கையில குடுக்காம அக்கவுன்ட்டுக்கே போடுங்க, அதுவும் கொட்டேஷன்ல இருக்கற பேருக்கே, தம்பி அக்கவுன்ட் மச்சான் அக்கவுன்ட்னா ஒத்துக்காதீங்க.

அப்புறம் அவரோட ஜிஎஸ்டி நம்பர வாங்கி ஜிஎஸ்டி போர்ட்டல்ல தேடி பாருங்க, யாரு வேணா பாக்கலாம், லாகின் வேண்டாம். தமிழ்நாட்டு நம்பர்னா 33ல ஆரம்பிக்கும். பேரு ஒத்துப்போகுதா, ஆக்டிவா இருக்கான்னு பாருங்க. அதுல காம்போசிஷன்னு (சின்ன வியாபாரிங்களுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தா அவர் உங்ககிட்ட தனியா ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. கேன்சல்னு இருந்தாலும் வாங்கக் கூடாது. நிறைய பேர் இதை பாக்காமயே 18% குடுத்துடறாங்க.

நங்கநல்லூர்_ரெண்டாவது_மாடி:

அப்டேட் குடுக்கறேன். ஞாயித்துக்கிழமை கையெழுத்து போடல, அவர் கோச்சுக்கல, செவ்வாக்கிழமை அவரே வந்தாரு. ஜிஎஸ்டி நம்பர் ஆக்டிவ், ரெகுலர், பேரும் சரியா இருந்தது, பில்லோட தான்னு சொல்லிட்டேன். மூலைய டேப் வெச்சு காட்டினதும் ஒரு நிமிஷம் பாத்துட்டு "சரி சார்"னு 15, 13ன்னு மாத்திட்டாரு. அம்மாவ நிக்க வெச்சு அளந்து பாக்ஸ் உயரம் 30 இன்ச், கிரானைட் சேத்து 31 கிட்ட. கீழ் பாக்ஸ் 710ன்னு எழுத ரேட் 1,920 ஆச்சு, ஆனா அளவு 15 x 2.5 = 37.5 சதுரடியா குறைஞ்சதால அந்த வரி 72,000க்கு வந்துடுச்சு, மட்டமான பிளைக்கு 84,150 குடுக்க இருந்தேன். 65,000த்த பிரிக்க சொன்னப்ப அதுல மூலைக்கு ஒரு சுத்தற யூனிட் 18,000ன்னு இருந்தது, அம்மா அதை வேணாம்னுட்டாங்க, அந்த மூலையில பழைய கடப்பா தட்டே இருக்கட்டும், அரிசி டின் அங்க தான் இருபது வருஷமா இருக்குன்னாங்க. அட்வான்ஸ் 30க்கு கீழ வரல, அதுக்கு ஒத்துக்கிட்டேன். கிரைண்டர் இடமும் பிளக்கும் ஜன்னல் பக்கம் குறிச்சாச்சு, சிலிண்டர் கதவுல ஜாலி எழுதியாச்சு. வெள்ளிக்கிழமை கையெழுத்து. வேற ஏதாவது விட்டுட்டேனா?

சைட்ல_நிக்கிறவன்:

நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. ரெண்டு விஷயம். கொட்டேஷன்ல மட்டும் இல்லாம டிராயிங்லயும் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஒரு காப்பி கிச்சன் சுவத்துலயே ஒட்டி வைங்க, ஆசாரி அதை பாத்து தான் வேலை செய்வாரு, போன்ல ஓனர் சொன்னத இல்ல. அப்புறம் சிங்க் கிட்ட சுவர் ஊறுதுன்னு முதல்ல எழுதினீங்களே, அது எங்கேந்து வருதுன்னு பிளம்பர் வந்து பாக்காம ஒரு டைல்ஸ் கூட ஒட்ட விடாதீங்க. பழைய ஜிஐ பைப்பா (துத்தநாகம் பூசின இரும்பு) இருந்தா சுவருக்குள்ள துரு பிடிச்சு கசியும், அதை மாத்தாம மேல 710 போட்டாலும் பின்பலகை ஊறிடும். பைப் மாத்தறது அந்த 55,000ல இருக்கான்னு வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

நங்கநல்லூர்_ரெண்டாவது_மாடி:

ஐயோ, அதை கேக்கவே இல்ல. நாளைக்கு காலைல பிளம்பர வர சொல்லிட்டேன்.