பரந்தன் கெமிக்கல், ஆனையிறவு உப்பளம்: நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள்

போர் முடிந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி திறந்த பிறகு வந்தவர்கள் எல்லாரும் கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் படம் எடுத்தார்கள். அடுத்ததாக ஆனையிறவில் இறங்கினார்கள். இடையில் இருந்த பரந்தனைப் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. எனக்கு அது பெரிய மனக்குறை. வன்னியில் அரசாங்கம் நடத்திய பெரிய தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இரசாயனத் தொழிற்சாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊருக்கு அது எப்போதும் 'கெமிக்கல்' தான்.

என் பெரியப்பா அங்கே குளோரின் பக்கத்தில் வேலை செய்தவர். 2011 ஆவணியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூரை இல்லை. சுவர் முழுக்கச் சன்னம் பட்ட ஓட்டைகள். சுற்றிலும் தலை இல்லாத பனைகள். மிதிவெடிப் பயத்தில் நான் தார் ரோட்டை விட்டு இறங்கவில்லை. அவரும் இறங்கவில்லை, ஆனால் அவருடைய காரணம் வேறு. விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிப் பிடித்தார். "காத்து எங்கால அடிக்குது எண்டு பாக்கிறன்" என்றார்.

குளோரின் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படியும், பள்ளத்தில் தேங்கும். 'காத்து வாற பக்கம் பாத்து ஓடு, குனியாதை, மேட்டில ஏறு' என்று சின்ன வயதில் எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார். எண்பதுகளில் போரோடு நின்றுபோன தொழிற்சாலை அது. கசிய அங்கே ஒன்றுமே இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த விரல் தன் பாட்டில் மேலே போனது. நான் ஒன்றும் கதைக்கவில்லை.

கெமிக்கல் ஏன் பரந்தனில் வந்தது என்பதையும் அன்றைக்குத்தான் ஒழுங்காக விளங்கப்படுத்தினார். மூலப்பொருள் உப்பு. அது பக்கத்திலேயே, ஆனையிறவில் விளைந்தது. உப்பைக் கரைத்து அந்தத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். சோடா சவர்க்காரத்துக்குப் போனது, குளோரின் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கப் போனது. "கொழும்புச் சனம் குடிச்ச தண்ணியில எங்கட உப்பும் இருந்தது தம்பி" என்றார். இப்போது அதே பெயரில் இயங்கும் நிறுவனம் குளோரினை வெளிநாட்டில் இருந்து இறக்கி விற்கிறது. இதைக் கேட்டதும் அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஆனையிறவில் நிறுத்தச் சொன்னார். பாத்திகள் தூர்ந்து கிடந்தன. 1991 இலும் 2000 இலும் பெரிய சண்டைகள் நடந்த நிலம் அது. கரையோரம் தானாக விளைந்திருந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். "சத்தம் கேட்டதோ? நல்ல உப்பு" என்றார். அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உங்கள் வீட்டிலும் கெமிக்கலில், உப்பளத்தில் வேலை செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணை, எங்கட அம்மா உப்பு வாரப் போனவ. சோழகம் (தென்மேற்குக் காற்று) பிடித்தால்தான் உப்பு விளையும், மாரி இறங்கினால் எல்லாம் கரைந்துவிடும். அதனால் வானம் கறுத்தால் சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடுவா. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும், இரவில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டுதான் படுப்பா. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்த செய்தியைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, வேலை செய்பவர்கள் காலில் சப்பாத்துப் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தா.

* * *

நான் கொழும்பில் பிறந்தவள். 2014 இல் பளை வரை ரயில் ஓடத் தொடங்கியபோது அப்பாவோடு முதல் தடவை வந்தேன். ஆனையிறவைக் கடக்கும்போது தண்ணீருக்கு நடுவில் பூநாரைகள் நின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மற்றப் பக்க யன்னலால் தலையை நீட்டிப் பரந்தன் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "சங்கு ஊதுற நேரம்" என்று மட்டும் சொன்னார். அது கெமிக்கல் தொழிற்சாலையின் சங்கோ என்று இந்தப் பதிவை வாசித்த பிறகு இன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.