யூரு லைவ் (பலர் சேர்ந்து ஆடற ஆன்லைன் புதிர் விளையாட்டு) மூடின ராத்திரி: உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?

கார்முகில்:
2008 ஏப்ரல், ரெண்டாவது தடவை மூடினாங்களே, அந்தக் கடைசி ராத்திரி. நான் அப்போ டெக்சாஸ்ல படிச்சிட்டிருந்தேன். எங்க ஹூட்ல, அதாவது விளையாட்டுக்குள்ள எல்லாரும் கூடற இடத்துல, நீரூற்றைச் சுத்தி இருபது பேர் இருந்திருப்போம். புதிர்ப் பக்கம் யாரும் போகல. ஒருத்தர் தரையில உக்காந்தார், பக்கத்துல இன்னொருத்தர், அப்புறம் எல்லாருமே. பேர் தெரியாத ஒருத்தர், "ரெல்டோ போய் என் புத்தக அலமாரியை ஒருதடவை பாத்துட்டு வந்துடறேன், இருங்க"ன்னு டைப் பண்ணிட்டுப் போனார். ரெல்டோன்னா விளையாட்டுல ஒவ்வொருத்தருக்கும் தனியா இருக்கிற குட்டித் தீவு. அவர் வர்றதுக்குள்ள தொடர்பு அறுந்துபோச்சு. அவருக்காக வச்சிருந்த இடம் இன்னும் கண்ணுல நிக்குது.

அரசமரம்:
படிச்சதும் தொண்டை அடைச்சுது. நான் 2010ல, விளையாட்டை உருவாக்கின சயான் கம்பெனி மறுபடி இலவசமா திறந்துவிட்டப்போ வந்தவன். ஈடர் கீமோங்கிற உலகத்து மின்மினிகளைக் கூட்டிட்டு, கீராங்கிற இன்னொரு உலகத்தோட இருட்டுக் குகைக்குப் போகணும்ல? ஓடினா கலைஞ்சிடும். ரெண்டு மணி நேரம் தோத்தேன். ஹூட்ல கேட்டதும் ஒரு அம்மா கூடவே வந்து, அடிமேல் அடி வச்சு நடந்து காட்டினாங்க. குகைச் சுவர் வெளிச்சத்துல தெரிஞ்சப்போ ரெண்டு பேரும் எதுவுமே டைப் பண்ணல. இப்படி ஒரு விளையாட்டு தோத்துச்சுன்னா, ஆள் சேரல, அவ்வளவுதான் காரணம்.

வடக்குவாசல்:
அரசமரம், அது பாதிதான். ஆள் வந்தாலும் தங்க வைக்க வேண்டாமா? சண்டை விளையாட்டுல அதே அரக்கனை நூறு தடவை அடிக்கலாம். புதிரை ஒருதடவை அவுத்தா முடிஞ்சது. ஒரு யுகத்தை, அதாவது ஒரு புதிர் உலகத்தை, கட்ட மாசக்கணக்கு, அதை முடிக்க நமக்கு ஒரு வார இறுதி. எந்தக் குழுவால ஈடு கொடுக்க முடியும்?

என் கதை சின்னது. 2003 நவம்பர்ல வந்ததுமே வாங்கிட்டேன். ஆன்லைன் பகுதிக்கு அழைப்பு வரும்னு தினமும் மெயிலைத் திறந்து பாத்தேன். 2004 பிப்ரவரில மூடிட்டோம்னு அறிவிப்புதான் வந்துச்சு.

புதுசா போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சர்வர் இன்னும் நன்கொடையில ஓடுது, காசு கட்ட வேண்டாம். விடையைத் தேடிப் படிச்சிட்டுப் போகாதீங்க. டெலடான் யுகத்துல ஆரம்பிங்க, அங்கங்க தொங்குற, கை அடையாளம் போட்ட ஏழு பயணத் துணியையும் தொட்டுட்டுத்தான் அடுத்ததுக்குப் போங்க. தவறி விழுந்தா பயப்படாதீங்க, ரெல்டோவுக்குத்தான் வந்து நிப்பீங்க. முக்கியமா, தனியா போகாதீங்க. ஹூட்ல யாராவது நின்னா ஒரு வணக்கம் போடுங்க.

கார்முகில்:
டெலடான் சரி, அண்ணா. ஆனா முதல்ல அந்த நீரூற்றுப் பக்கம் போய்ப் பாருங்க. நான் நேத்து போனேன், ஒருத்தர் உக்காந்திருந்தார்.