பட்டில் மாட்டிய விரல்: கழுவிக் கழுவிக் கை வறண்டவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

தஞ்சை நைட் டூட்டி

பட்டுப்புடவை இழையில் விரல் மாட்டியது யாருக்காவது நடந்திருக்கிறதா? எனக்கு நடந்தது. மாதம் நாலு ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

நான் ஐசியூ நர்ஸ். அதைச் சொன்னாலே கை எப்படி இருக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு ஷிப்டில் 40 தடவைக்கு மேல் கழுவுவேன், போதாததற்கு ஹேண்ட் ரப் என்கிற ஆல்கஹால் சானிடைசர், அதற்கு மேல் கையுறை. விரல் நுனியெல்லாம் பிளந்து கிடக்கும்.

தங்கைக்கு முகூர்த்தப் புடவை எடுக்கத் திருபுவனம் போயிருந்தோம். அங்கே புடவையை விசிறி மடிப்பாக அடுக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் அரக்கில் ஒன்றைப் பிரித்துப் போட்டார். ஆசையாக முந்தானையைத் தடவினேன். ‘சரக்’கென்று ஒரு சத்தம். ஆள்காட்டி விரல் பிளவில் இழை மாட்டி மேலே எழும்பிவிட்டது. அவர் திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. நகத்தால் அந்த இழையை மெதுவாக நீவிவிட்டு, புடவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீங்க உக்காருங்கம்மா, நான் காட்டுறேன்.”

அதற்கப்புறம் எந்தப் புடவையும் என் பக்கம் வரவில்லை. தங்கைதான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் கை இரண்டையும் மடியில் மடக்கி வைத்துக்கொண்டு, “நல்லாருக்குடி, நல்லாருக்குடி” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலின், தேங்காய் எண்ணெய், கிளிசரின் எல்லாம் எனக்குத் தெரியும். வைத்தியம் கேட்கவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், போதும்.

மன்னார்குடி மருமகள்

அக்கா, எனக்கு மாவடு.

பிள்ளை பிறந்து மூன்று மாதம். தொட்டதற்கெல்லாம் கை கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு போதாது என்று யாரோ சொல்ல, கிருமிநாசினியை வாளியில் ஊற்றி அதிலும் கையை முக்குவேன். மோதிரத்துக்கு அடியில் வட்டமாகத் தோல் உரிந்து சிவந்து போயிருந்தது. மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்கிவிடுமாம், பின்னால்தான் தெரிந்தது.

பங்குனி கடைசியில் மாமியார் மாவடு போட உட்கார்ந்தார். விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் கொட்டி, “நீ பிசறு” என்றார். பிசறினேன். உயிர் போய்விட்டது. பத்து விரலிலும் நெருப்பு. கையை எடுத்தால் என்ன நினைப்பாரோ என்று விடாமல் பிசறிக்கொண்டே இருந்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றுகிறது.

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? பிறந்த வீட்டு ஏக்கமாம். எனக்குத் தெரியாமல் எங்கள் அம்மாவுக்கு போன் போட்டு, “சம்பந்தி, பொண்ணு உக்காந்து அழுவுது, என்ன குறைன்னு வந்து கேளுங்க” என்று சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பார்த்தால் நீடாமங்கலத்திலிருந்து அம்மா பஸ் ஏறி, முறுக்கு டப்பாவோடு வாசலில் நிற்கிறாள். “கை எரியுதும்மா” என்று நான் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை. இன்று வரைக்கும் நம்பவில்லை.

மோதிரத்தைக் கழற்றி வைத்த பத்து நாளில் அந்த வட்டம் ஆறிப்போனது. அந்த வருஷ மாவடு பிரமாதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டுக்கோட்டை தென்னை

2020 கொரோனா சமயத்தில் கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சானிடைசர் ஊற்றிக் கொடுத்து எனக்கும் கை வெடித்தது. பாரையில் தேங்காய் உரிக்கும்போது மட்டை கையில் பட்டால் ரத்தம். இவ்வளவுதான் என் கதை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சிஸ்டர், தேங்காய் எண்ணெய் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த எண்ணெய்? பாக்கெட் எண்ணெயா, செக்கு எண்ணெயா? எங்கள் பக்கத்தில் கஜா புயல் அடித்த 2018-இல் தோப்பே படுத்துவிட்டது. எனக்கு மிச்சம் நின்றது பதினேழு மரம். அந்தக் காயைக் கொப்பரை போட்டுச் செக்கில் ஆட்டியதுதான் எங்கள் வீட்டில் தலைக்கும் கைக்கும் குழம்புக்கும். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினால் முழுசாகத் துடைக்கக் கூடாது. ஈரம் இருக்கும்போதே நாலு சொட்டு எடுத்துப் புறங்கை, விரல் சந்து, நகக்கண் எல்லாம் தேய்த்துவிட்டு, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு படுக்க வேண்டும். வெந்நீரில் கை கழுவவே கூடாது, வெந்நீர் தோலில் இருக்கிற எண்ணெயை எல்லாம் கழட்டிவிடும். பாத்திரம் விளக்கும் சோப்பில் கையை விடாதீர்கள். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்தால் உடனே கையை அலசிவிடுங்கள், புளிப்பு வெடிப்பில் இறங்கினால் ஆறாது. சோப்பையே தள்ளிவிட்டுப் பயத்தமாவு போட்டுக் கழுவிப் பாருங்கள், நம் பாட்டிகள் எல்லாரும் என்ன லிக்விட் சோப்பா வாங்கினார்கள்? வாசலின் பக்கம் போகவே போகாதீர்கள், அது பெட்ரோல். பெட்ரோலைத் தோலில் தடவுவது எந்த ஊர் நியாயம்? அப்புறம் மாவடுவுக்குத் தடவிய விளக்கெண்ணெயை அந்த மருமகள் முதலில் கையில் தடவியிருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

மருந்துக்கடை, திருவாரூர்

பட்டுக்கோட்டை அண்ணே, ஈரத்தோடு தடவணும், வெந்நீர் ஆகாது, பருத்தித் துணி என்றெல்லாம் சொன்னது சரி. மிச்சத்துக்குச் சண்டைக்கு வருகிறேன்.

வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதான், ஆனால் பெட்ரோல் இல்லை. நன்றாகச் சுத்திகரித்தது, 1872-லேயே காப்புரிமை வாங்கிய பண்டம். தோலுக்குள் போய் அது ஒன்றும் செய்வதில்லை, மேலே மூடி போட்டு ஈரத்தை வெளியே விடாமல் வைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையில் அது உங்கள் செக்கெண்ணெய்க்கு ஒரு படி மேல். ஐசியூவில் இருக்கிறவரைப் பயத்தமாவு போடச் சொல்கிறீர்களே, நோயாளி கதி என்ன? எண்ணெயோ வாசலினோ தடவிய கையில் லேடெக்ஸ் (ரப்பர்) கையுறை போட்டால் அது வலுவிழந்து கிழியும். டூட்டியில் தண்ணீர் சார்ந்த, வாசனை சேர்க்காத கிரீம்தான். உங்கள் எண்ணெயெல்லாம் ராத்திரிக்கு. தோல் லேசான அமிலம், அமில-கார அளவான பி.ஹெச். 5 பக்கம். கட்டிச் சோப்பு 9, 10, அதாவது காரம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைப் போட்டால் தோல் தன் நிலைக்குத் திரும்ப நேரமே கிடைக்காது.

சரி, என் கதை. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற ஒருவர். அம்பது வயசிருக்கும். கையில் அரிப்பு, வெடிப்பு என்று வந்தார். நான் ஒரு ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தேன். நாலு நாளில் மாயமாக அடங்கியது. “தம்பி கைராசிக்காரர்” என்றார். எனக்கும் பெருமை. அப்புறம் மாதாமாதம் வருவார், பழைய ட்யூபைக் காட்டுவார், நானும் எடுத்துக் கொடுப்பேன். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஒரு நாள் சில்லறை வாங்கக் கையை நீட்டினார். புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. நரம்பெல்லாம் நீலமாகத் தெரிகிறது. கல்லாவின் விளிம்பில் லேசாக உரசியதற்கே தோல் கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த கை. அந்தத் தண்ணீருக்கு வழி சொல்லாமல் அரிப்பை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தேன். தோல் டாக்டரிடம் போகச் சொன்னேன், போனாரா தெரியாது. அந்த டீக்கடைக்கு நான் இப்போது போவதில்லை.

கும்பகோணம் கல்யாணச் சமையல்

ஆளாளுக்கு எண்ணெய் தடவு, வாசலின் தடவு என்கிறீர்கள். நானும் தடவினேன், ஆறு மாதம். நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறி உரிந்து கிடந்தது. கழுவிக் கழுவி வறண்டதுதான் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி எண்ணெயை ஊற்றினேன். ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது பெண் வீட்டுக்காரர் ஒருவர் என் விரல் சந்தைப் பார்த்தார், கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டார். பாயசம் வருவதற்கு முன்னால் இலையை மடக்கினார் ஐயா!

டாக்டர் பார்த்துவிட்டு, இது பூஞ்சை, நடவுக்காரர்களுக்குக் காலில் வருகிற சேற்றுப்புண் மாதிரி உனக்குக் கையில் என்றார். மருந்து கொடுத்தார், விரல் சந்தைக் காய விடச் சொன்னார். வறட்சி வேறு, ஊறல் வேறு. அதைப் பார்த்துவிட்டு எண்ணெய் தடவுங்கள்.

நாகை கடலோரம்

எங்கள் அம்மா இறால் உரிக்கப் போகிறவர். ஐஸ், உப்புத்தண்ணீர், அப்புறம் நாற்றம் போக சோப்பு. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, பிசுக்கு மாதிரி கையிலேயே ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லை என்று இன்னும் சோப்பு போடுவார்.

ரேஷன் கடை வரிசையில் அம்மா. நான் பின்னால் ஓரமாக நிற்கிறேன். மிஷினில் விரல் வைக்கிறார், விழவில்லை. அடுத்த விரல், விழவில்லை. “கை அழுக்கா இருக்கும்மா, கழுவிட்டு வாங்க” என்றார் உள்ளே இருந்தவர். அம்மா தெருக்குழாய்க்குப் போய், யாரிடமோ சோப்பு வாங்கித் தேய்த்துக் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். விழவில்லை. மறுபடியும் போய்க் கழுவினார். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கை இன்னும் வெளுத்து, இன்னும் காய்ந்து வருகிறது. வரிசையில் நின்ற ஒருத்தர், “ஆயாவுக்கு ரேகையே தேய்ஞ்சு போச்சு போல” என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கார்டில் என் பெயரும் இருக்கிறது, நான் முன்னால் போய் விரல் வைத்தேன், முதல் தடவையே விழுந்தது. ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிற விரல். அம்மா அரிசியை வாங்கிக்கொண்டு வழியெல்லாம் எதுவும் பேசவில்லை.

பட்டுக்கோட்டை தென்னை

தம்பி, அம்மாவுக்குச் செக்கெண்ணெய் அரை லிட்டர் அனுப்புகிறேன், காசு வேண்டாம். மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று: லேடெக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் விஷயத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

தஞ்சை நைட் டூட்டி

வைத்தியம் வேண்டாம் என்று எழுதியதை ஒருத்தரும் படிக்கவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை. ஆனால் கழுவுவதைக் குறைக்க என்னால் முடியாது அண்ணே, அது என் வேலை. ஹேண்ட் ரப்தான் வறட்டுகிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சோப்பை விட அது தேவலை, அதில் கிளிசரின் இருக்கிறது. வெடித்த இடத்தில் எரிகிறதே என்று பயந்து சோப்புக்கு ஓடி ஓடித்தான் என் கை இன்னும் கெட்டது. ரப் போட்ட கையோடு உடனே சோப்பும் போடுவேன், அது வேண்டாத வேலை. இப்போது அழுக்கோ ரத்தமோ பட்டால் சோப்பு, வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் சோப்பு, மற்றபடி ரப்.

நாகைத் தம்பி, உங்கள் அம்மா கதையைப் படித்துவிட்டு ட்யூட்டி ரூமில் உட்கார்ந்து அழுதேன். இந்த மாசம் என்ன ஆச்சு? விரலில் கொஞ்சம் கிரீம் தடவி, ஊறியதும் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லிப் பாருங்கள். (பாருங்கள், நானும் ஆரம்பித்துவிட்டேன்.)

நாகை கடலோரம்

பத்து நாளாக ராத்திரி எண்ணெய் போட்டுவிடுகிறேன் அக்கா, பட்டுக்கோட்டை அண்ணன் அனுப்பியதுதான். நேற்று ரேஷனுக்கு நானும் கூடப் போனேன், ஆனால் தள்ளியே நின்றேன். வலது கையில் ஒன்றும் விழவில்லை. இடது மோதிர விரல் மூன்றாவது தடவையில் விழுந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, அந்த ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.