வரிக்குதிரைகளை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நைரோபிவாசி:
கென்யாவின் சம்புரு காப்பகத்துக்கு வருகிறவர்கள் யானைக்கும் சிறுத்தைக்கும்தான் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். நான் கிரேவி என்ற இன வரிக்குதிரைக்காகவே போனேன். நெருக்கமான மெல்லிய வரிகள், வெள்ளை வயிறு, அகன்ற வட்டக் காதுகள். நைரோபி தேசியப் பூங்காவில் பார்க்கிற சமவெளி வரிக்குதிரையைவிடப் பெரிய உடம்பு. கத்தினால் கழுதைக் குரல். சமவெளி இனம் கிட்டத்தட்ட குரைக்கும்.

ஓரிடத்தில் சில குட்டிகள் மட்டும் நின்றன, கூடவே ஓர் ஆண். தாய்களைக் காணோம். தண்ணீருக்குப் போயிருக்கும் என்றார் வழிகாட்டி. பால் கொடுக்கும் பெட்டைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். மற்றவை சில நாள் தாங்கும். ஆற்றோரம் சிங்கம் பதுங்கியிருக்கலாம் என்பதால் குட்டிகளை இப்படி விட்டுவிட்டுப் போவதுண்டாம். காவலுக்கு நிற்கும் ஆண் அவற்றின் தகப்பன்தான் என்றும் சொல்ல முடியாது. கிரேவியில் நிலையான குடும்பமே கிடையாது. ஆண் புல்லும் தண்ணீரும் உள்ள இடத்தைப் பிடித்துவைத்துக் காத்திருக்கும், பெட்டைகள் வரும், போகும். சமவெளி இனத்திலோ ஓர் ஆண், சில பெட்டைகள், குட்டிகள் என்று வருடக்கணக்கில் ஒன்றாகவே திரியும்.

படம் எடுத்தால் வலது பக்கம் தெரிகிற மாதிரி எடுங்கள். வரிகள் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும், இடமும் வலமும்கூட ஒன்றாக இருக்காது. 2016இல் பொதுமக்களின் படங்களை வைத்துக் கென்யாவில் கிரேவிகளை எண்ணியபோது வலப்பக்கத்தைத்தான் கேட்டார்கள். 1970களில் சுமார் 15,000 இருந்தவை, இப்போது 3,000 அளவில்தான். முதலில் தோலுக்காகச் சுட்டார்கள். அப்புறம் மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் ஆடுமாடுகளோடு போட்டி.

தென்காசிப் பையன்:
அண்ணா, நான் பார்த்தது தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில். வரிக்குதிரைக்குக் குறைவில்லை, கடித்து இரத்தம் குடிக்கும் ட்செட்சி ஈக்கும் குறைவில்லை! மரங்களில் நீலமும் கறுப்புமாகத் துணி தொங்கும், அந்த ஈக்கு வைத்த பொறி. அந்த நிறங்கள்தான் அதற்குப் பிடிக்குமாம். கருநீலச் சட்டையில் வந்த என் மச்சான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

வரிகள் ஈயைக் குழப்பத்தான் என்கிற விளக்கத்தை அங்கேதான் முழுசாக நம்பினேன். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிரிட்டனில் சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள். போர்வைமேல் குதிரை ஈக்கள் மிகக் குறைவாகவே உட்கார்ந்தன, மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல மொய்த்தன. கிட்டே வந்தும் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியவில்லை அவற்றுக்கு. சிங்கத்தின் கண்ணை ஏமாற்றத்தான் வரி என்று பள்ளியில் படித்தது எனக்கு இப்போது அவ்வளவாக ஒட்டவில்லை.

மலர்:
நான் தான்சானியாவின் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஒரு குட்டியைப் பார்த்தேன், பழுப்பு வரிகளோடு. பிறந்து கால் மணி நேரத்துக்குள்ளேயே எழுந்து நின்றுவிடுமாம். வேறு பெட்டை கிட்டே வந்தாலே தாய் விரட்டியது. தன் வரியும் வாசனையும் குரலும் குட்டிக்குப் பதியும்வரை யாரையும் அண்டவிடாதாம். கொஞ்ச நேரத்தில் கழுதைப்புலிகள் துரத்தின. குடும்பம் ஒன்றாக நெருங்கி ஓட, ஆண் கடைசியில் நின்று கடித்தும் உதைத்தும் மறித்தது. ஓடியவை சற்றுத் தூரத்தில் நின்று மறுபடி மேயத் தொடங்கின. ஓட்டுநருக்கோ சிங்கம் காட்டும் அவசரம்; இன்னும் பத்து நிமிடம் நிற்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.