பொருள்: ‘வட்டு விலகல்’ வேண்டாம், ‘இடைவட்டுப் பிதுக்கம்’ போதும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

முதுகுத்தண்டு நோய்களுக்கான சொற்பட்டியலில் ‘டிஸ்க் புரொலாப்ஸ்’ என்பதற்கு நேராக ‘வட்டு விலகல்’ என்று முன்மொழியப்பட்டிருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டை ‘இடைவட்டு’ என்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ‘விலகல்’ என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. இடைவட்டு மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு இறுகப் பிணைந்திருப்பதால் அது முழுதாக இடம்பெயர்வதில்லை. அதன் வெளிச்சுற்றான நார்வளையம் நைந்து கிழியும்போது, நடுவிலுள்ள கூழ் அந்தக் கிழிசலின் வழியே பெரும்பாலும் பின்பக்கமாகப் பிதுங்கி, தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு வேரை அழுத்துவதோடு அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இதைத் தெளிவுபடுத்தும் வரை, அறுவையின்போது கண்ட பிதுக்கத்தைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பலர் கருதிவந்தனர்.

‘ஜவ்வு விலகிடுச்சு’ என்பது வழக்கில் ஊறிப்போன பேச்சுதான். ஆனால் விலகியதைத் தள்ளி உள்ளே வைத்துவிடலாம் என்ற எண்ணத்தை அந்தச் சொல்லே விதைத்துவிடுகிறது. முதுகை மிதித்துவிடச் சொல்லிக் குப்புறப் படுப்பவர்களை நாம் எல்லோருமே அறிவோம். மேலும் முழங்காலில் கிழிவதும் ஜவ்வு, முதுகில் பிதுங்குவதும் ஜவ்வு என்றால் கலைச்சொல்லுக்கு அது ஆகாது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ‘ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்’ என்ற நிலையில் ஒரு முள்ளெலும்பு தனக்குக் கீழுள்ளதன் மேல் மெய்யாகவே முன்னோக்கி நழுவுகிறது. ‘விலகல்’, ‘நழுவல்’ ஆகிய சொற்களை இடைவட்டுக்குக் கொடுத்துவிட்டால், உண்மையில் நழுவும் எலும்புக்கு எதைக் கொடுப்பது?

அடுத்து, ஒரே சொல் போதாது. எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் நான்கு வேறு சொற்கள் வருகின்றன. வட்டின் சுற்றளவில் கால் பங்குக்கும் மேல் பரந்து வெளியே தெரிந்தால் அது ‘பல்ஜ்’. கதிரியலாளரின் வகைப்பாட்டில் அது பிதுக்கமே ஆகாது. இதற்குப் ‘புடைப்பு’ என்பது பொருந்தும். கால் பங்குக்கும் குறைவான இடத்தில் வெளிவந்தால்தான் பிதுக்கம். அதிலும் அடிப்பாகம் அகன்றிருந்தால் ‘புரொட்ரூஷன்’, அடிப்பாகத்தை விட வெளியே உள்ள பகுதி அகன்றிருந்தால் ‘எக்ஸ்ட்ரூஷன்’, தாய் வட்டோடு தொடர்பு அற்றுப்போனால் ‘சீக்வெஸ்ட்ரேஷன்’. இம்மூன்றுக்கும் முறையே ‘துருத்தல்’, ‘வழிதல்’, ‘பிரிதுண்டு’ என்ற சொற்களை முன்வைக்கிறேன். எக்ஸ்ட்ரூஷனுக்குக் ‘கழுத்துடைப் பிதுக்கம்’ என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். இடுப்பு வலிக்கு வந்தவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போவார் என்பதால் அதை விட்டுவிடலாம்.

*

மறுமொழி:

ஐயா, ‘புடைப்பு’, ‘பிதுக்கம்’, ‘துருத்தல்’ மூன்றையும் மகிழ்வோடு ஏற்கிறேன். ‘வழிதல்’ என்றால் நீர்மம் ஒழுகுவதாகத் தோன்றுகிறது, ‘வெளித்தள்ளல்’ பொருந்தும். ‘பிரிதுண்டு’ சரியான சொல்லே என்றாலும் கேட்பவரை அச்சுறுத்தும். ஆகவே, இவ்வாறு பிரிந்த துண்டுகளே வெறும் புடைப்பை விட அதிகமாகத் தானே கரைந்து சுருங்குகின்றன என்பதை விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன்.

மருத்துவன் என்ற முறையில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். படத்தில் தெரிவதையும் நோயாளி படுவதையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். வலியே இல்லாத இருபது வயதினரிலும் பத்தில் மூவர் அளவுக்குப் புடைப்பு காணப்படுகிறது. எண்பது வயதில் அது பத்தில் எட்டையும் தாண்டிவிடுகிறது. நான் படத்தை எடுப்பதற்கு முன், மல்லாந்து படுத்தவரின் காலை மடக்காமல் மெல்ல உயர்த்திப் பார்ப்பேன். முழங்காலுக்குக் கீழே சுரீரென்று வலி இறங்கினால் நரம்பு வேர் இழுபடுகிறது என்று ஐயுறுவேன். பிறகு என் விரலின் தடையை மீறிக் கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்வேன். அது தளர்ந்தால் ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் என்றும், குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டும்போது பாதம் துள்ளாவிட்டால் அதற்கு அடுத்துக் கீழே உள்ள முதல் திரிக நரம்பு வேர் என்றும் கணிப்போம். இந்த நிலைக்கு, அதாவது ‘ராடிகுலோபதி’க்கு, ‘நரம்புவேர் நலிவு’ என்று தனிப் பதிவு இருக்கட்டும். ‘சயாட்டிகா’ என்பது காலில் இறங்கும் வலியின் பெயர் மட்டுமே. அதை இடைவட்டு நோய் என்று பெயர்க்கக் கூடாது.

தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக்கற்றை நசுங்கும் நிலையான ‘காடா ஈக்வைனா சிண்ட்ரோம்’ பட்டியலில் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. ‘குதிரைவால் நரம்புக்கற்றை அழுத்தம்’ என்று இடுவோம். சிறுநீர் பிரியாமல் கட்டிக்கொள்வதும், சேணத்தில் உட்காரும் பகுதி மரத்துப்போவதும் அதன் அறிகுறிகள் என்பதையும், அன்றே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.