விருதுநகர் 1967: பெ. சீனிவாசனின் தேர்தல் துண்டறிக்கை யாரிடமாவது இருக்கிறதா?

குழுவினருக்கு வணக்கம். 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த தி.மு.க. வேட்பாளர் பெ. சீனிவாசனைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். எதைப் புரட்டினாலும் காமராஜர் ஏன் தோற்றார் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. வென்றவருக்கு ஒரே வரி, ‘மாணவர் தலைவர்’. எனக்கு எரிச்சலாகவே வருகிறது.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர், பிற்காலத்தில் சட்டப்பேரவைத் துணைத் தலைவராக இருந்தவர் என்பது வரை தெரியும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி கட்சியின் வாக்குறுதி, மாநிலம் முழுக்க ஒலித்தது. விருதுநகர் மக்களிடம் இவர் தனியாக என்ன சொல்லி வாக்குக் கேட்டார்? குடிநீரா, வணிகர்களின் குறைகளா, மொழி மட்டுமா? அதுதான் எனக்கு வேண்டும்.

அந்தக் காலத் துண்டறிக்கை, சுவரொட்டி, கூட்ட அழைப்பிதழ் எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிரசாரத்தை நேரில் கேட்ட தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை விசாரித்துச் சொல்லுங்கள். காமராஜருக்கு வாக்களித்தவர்களின் நினைவும் வேண்டும். அவர்கள்தான் எதிர்த்தரப்பு பேசியதைக் கூர்ந்து கேட்டிருப்பார்கள்!