ஆபரேஷன் தாங்காத வயதில் பித்தக்குழாய்க் கல்: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

ஈரோட்டு மகள்:
அப்பாவுக்கு 84 வயது. இதயத்துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நுரையீரலும் பலவீனம். ஒரு நாள் சாயங்காலம் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, "இது யார் வீடும்மா?" என்று என்னையே கேட்டார். பக்கவாதமோ என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ராத்திரி குளிர் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. விடிந்து பார்த்தால் கண் மஞ்சள், சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறம். பித்தக்குழாயில் கல் அடைத்து, தேங்கிய பித்தத்தில் கிருமி ஏறியிருந்தது. வயிறு வலிக்கிறது என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. வயதானவர்களுக்குப் பல சமயம் குழப்பம்தான் முதலில் தெரியும், வலி தெரியாமலே போகலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

முதலில் சேர்த்த இடத்தில், "இந்த இதயத்தை வைத்துக்கொண்டு ஆபரேஷன் முடியாது, ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்போம்" என்றார்கள். ஆபரேஷன் முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதோடு பேச்சை முடித்துவிட்டார்கள், எனக்கு இன்னமும் ஆறவில்லை. அடைப்பு அப்படியே இருக்கும்போது மருந்து மட்டும் எத்தனை நாள் தாங்கும்? தேங்கிய பித்தம் வெளியேற வழி வேண்டும்.

வேறு ஊரில் பார்த்த குடல் நோய் மருத்துவர் வயிற்றைத் திறக்கவே வேண்டாம் என்றார். ஈ.ஆர்.சி.பி. என்ற முறை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை, அதாவது கேமரா வைத்த வளையும் குழாயை, முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தக்குழாய் வந்து திறக்கும் இடத்தைக் கொஞ்சம் கீறி, பலூனோ கம்பிக்கூடையோ விட்டுக் கல்லை இழுத்துவிடுவார்கள். இந்தக் கீறும் முறை 1974லேயே ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வந்துவிட்டது.

அப்பாவுக்கு அதையும் இரண்டு கட்டமாகச் செய்தார்கள். மாத்திரை ரத்தத்தில் இருந்ததால் முதலில் கீறவில்லை, பித்தம் வடிய ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது சின்னக் குழாய், மட்டும் வைத்தார்கள். சீழ் கலந்த பித்தம் வழிந்ததாம். மறுநாள் காலை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சில வாரம் உடம்பு தேறவிட்டு, இதய டாக்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவைத்து, மறுபடி உள்ளே போனார்கள். கல் 15 மில்லிமீட்டருக்கு மேல். பித்தக்குழாயின் வாயைக் கீறி, பலூனால் விரித்து, உள்ளேயே நொறுக்கி எடுத்தார்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஆபரேஷன் உண்டா இல்லையா" என்பது இல்லை, "பித்தத்தை எப்படி வடியவைப்பீர்கள்?" என்பதுதான். உங்கள் வீட்டில் எப்படி நடந்தது, சொல்லுங்கள்.

எண்டோஸ்கோபி நர்ஸ்:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. நான் பார்க்கிற பெரிய ஆபத்து ஸ்டென்ட் வைத்த பிறகு வருவது. மஞ்சள் இறங்கி, பசி எடுத்துவிட்டால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்டுக்குப் பொதுவாக 3 மாதம்தான் கணக்கு. அப்புறம் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் விட்டுவிட்டு, நினைவில்லாத நிலையில் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி இருக்கிறதா என்று பார்த்து, அதைக் காலண்டரில் எழுதிவையுங்கள்.

இன்னொன்று. ஈ.ஆர்.சி.பி. முடிந்த சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் வலி வந்து முதுகுக்கு ஓடினால், கேஸ் என்று விடாதீர்கள். கணையம் வீங்கியிருக்கலாம். வயதானவர்களுக்கு இது குறைவு, ஆனாலும் வரும். அதைத் தடுக்க ஆசனவாயில் ஒரு மாத்திரை வைப்போம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் டாக்டர் யோசிப்பார். பேஸ்மேக்கர் இருந்தால், பித்தக்குழாயைக் காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல்செட்டைக் கழற்றி வீட்டு ஆட்கள் யாராவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சை மருமகள்:
எங்கள் மாமனாருக்கு இந்த வழி அமையவில்லை. பல வருஷம் முன்பு அல்சருக்கு இரைப்பையில் ஆபரேஷன் நடந்து, குடலை மாற்றி இணைத்திருந்தார்கள். எண்டோஸ்கோப் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. விலா எலும்புக்கு இடையே ஊசி போட்டு, ஈரல் வழியாகப் பித்தக்குழாயில் ட்யூப் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி, லேசான மயக்கம், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை. பக்கவாட்டில் பை தொங்கும். தினமும் பித்தம் எவ்வளவு வடிந்தது என்று அளந்து எழுதி, சலைன் ஏற்றிக் கழுவ வேண்டும். ட்யூபைச் சுற்றிக் கசிந்து வேஷ்டியெல்லாம் பச்சை மஞ்சள் கறை, துவைத்தாலும் போகாது. தூக்கத்தில் இழுத்துவிடாமல் இருக்க, பையை வயிற்றுத் துணியோடு சேர்த்து ஊக்கு குத்திவைப்பேன். பிறகு அதே வழியாகவே கல்லைக் குடலுக்குள் தள்ளிவிட்டார்கள். ட்யூபை எடுத்த அன்று முதல் வேலையாக அவர் கேட்டது குப்புறப் படுக்க ஒரு தலையணை.

நெல்லைக்காரன்:
அம்மாவுக்கு 91, படுத்த படுக்கை. கல்லை எடுக்க இன்னொரு முறை மயக்கம் கொடுப்பது வேண்டாம், ஸ்டென்ட் அப்படியே இருக்கட்டும் என்று டாக்டரோடு பேசி முடிவெடுத்தோம். நர்ஸ் சொன்ன ஆபத்தைத் தெரிந்துதான் செய்தோம். குளிர் வந்தால் உடனே கூட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. நடமாட்டத்தோடு இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கல்லை எடுத்துவிடுவதே நல்லது.

கல்லைக் கரைக்க மாத்திரை, கஷாயம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். பித்தக்குழாயை அடைத்த கல்லை நம்பிக் கரைக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஈரோட்டு அக்கா, அப்பாவுக்குப் பித்தப்பையை எடுத்தார்களா?

ஈரோட்டு மகள்:
இல்லை தம்பி. திடமானவர்களாக இருந்தால் எடுத்துவிடுவார்களாம், அதிலிருந்துதானே கல் இறங்குகிறது. அப்பாவுக்கு அந்த ரிஸ்க் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பித்தக்குழாயின் வாயைக் கீறிவிட்டதால் சின்னக் கல் இறங்கினாலும் குடலுக்குப் போய்விட வாய்ப்பு உண்டு, ஆனால் பித்தப்பையிலேயே வீக்கம் வரலாம், வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ வரச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த எழுத்தை எல்லோரும் கேட்டு வாங்குங்கள்.